பத்தரை மணிப் படம்: மலைக்காணியை மேலிருந்து பார்க்கும் விதம்

அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் காணி இருக்கிறது. அதில் ஒன்றேகால் தேயிலை, மிச்சம் மரக்கறி. காணிக்கு மேலே பைனஸ் காடு. அதற்கும் மேலே பழைய காட்டில் மிஞ்சிய ஒரு துண்டு. எங்கள் பீலிக்கு, அதாவது ஊர் தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு, தண்ணீர் அந்தத் துண்டிலிருந்துதான் வருகிறது. இருபத்தாறு வருஷம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக மலை ஏறி இறங்கியவன் நான். இப்போது முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மேலே ஏறலாம் என்றால் எந்தப் பக்கம் ஏறுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா? செய்மதிப் படத்தை நான் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான்.

தம்பியின் மகள் பேராதனையில் புவியியல் படித்தவள். சித்திரை வருஷத்துக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து எங்கள் மலையைக் காட்டினாள். திரை முழுக்க இரத்தச் சிவப்பு.

"என்ன மகள், எல்லாம் எரிஞ்சு போச்சா?"

"இல்ல பெரியப்பா, சிவப்பா இருக்கிறதுதான் பச்சை."

"அப்ப பச்சையும் நீலமுமா இருக்கிறது?"

"அது வெறும் மண்ணு. இல்லாட்டி தகரக்கூரை."

அன்றைக்கு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. என்னைப் போல் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும், ஊருக்கு மேலே இருக்கும் காட்டைக் கவனிக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரிய தோட்டங்களுக்கு ஆளும் மென்பொருளும் வாங்க வசதி இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரு போன், முடிந்தால் பிள்ளைகளின் மடிக்கணினி. அது போதும்.

முதலில் பேர்ச் கணக்கு

நான் பார்ப்பது சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதிகள் எடுக்கும் படங்கள். முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் மூன்றாவது 2024இலும் மேலே போனவை. 786 கிலோமீற்றர் உயரத்திலிருந்து எடுக்கும் அந்தப் படங்களை யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம், இறக்கியும் வைக்கலாம். ஒரே இடத்துக்கு ஐந்து நாளைக்கு ஒரு தடவை புதுப்படம் வரும்.

படம் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளி தரையில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், அதாவது நூறு சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆக, ஒரு புள்ளி நாலு பேர்ச். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி. என் தேயிலை முழுவதும் ஐம்பது புள்ளி, அவ்வளவுதான். தோட்டத்துச் சனத்துக்கு வீடு கட்டக் கொடுத்த ஏழு பேர்ச் இந்தப் படத்தில் இரண்டு புள்ளிகூட வராது. அதைக் கணக்குப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நெருக்கமாக நட்ட வீ.பி. (கிளைத்துண்டிலிருந்து வளர்த்த) தேயிலையில் ஒரு புள்ளிக்குள் நூறு செடிக்கு மேல் நிற்கும். ஆகவே ஒரு செடிக்கு வந்த நோயை இதில் தேடாதீர்கள். புள்ளி காட்டுவது அந்த நூறு செடிக்கும் சேர்த்து ஒரு சராசரி. ஓரத்துப் புள்ளிகளையும் நம்ப வேண்டாம். பாதி தேயிலை, பாதி ரோட்டு, கொஞ்சம் பக்கத்து வீட்டுக் கூரை என்று எல்லாம் கலந்த நிறமாக வரும். நான் எல்லையோரத்து வரிசையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதைக் கழித்தால் எனக்கு மிஞ்சுவது முப்பது புள்ளிக்குக் கிட்ட.

திறப்பதும் எல்லை போடுவதும்

கூகிளில் 'கொப்பர்நிக்கஸ் பிரவுசர்' என்று ஆங்கில எழுத்தில் தேடித் திறந்து, மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். போனிலும் திறக்கும், ஆனால் விரல் பட்டுப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை மடிக்கணினியில் செய்வது நல்லது. செய்மதிப் பட்டியலில் சென்டினல்-2, அதற்குள் எல்2ஏ என்பதைத் தெரிவு செய்யுங்கள். எல்1சி என்று இன்னொன்று இருக்கும். அதில் காற்று மண்டலத்தின் மங்கல் கழிக்கப்படாமல் இருக்கும். நமக்கு எல்2ஏதான் வேண்டும்.

காணியின் எல்லையைப் போட இரண்டு வழி இருக்கிறது. போனில் ஜிபிஎஸ் செயலியைப் போட்டுக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து அந்தக் கோட்டை ஏற்றலாம். நான் அப்படித்தான் செய்தேன். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்துக்குக் கீழே போகும்போது கோடு குடிகாரன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து வந்தது. மரநிழலில் போனின் ஜிபிஎஸ் பல மீற்றர் தப்பும். இன்னொன்று, கூகிள் எர்த்தில் நெருங்கிப் பார்த்துக் கையால் கோடு போட்டு, கேஎம்எல் கோப்பாகச் சேமித்துப் பிரவுசரில் ஏற்றுவது. இது சுத்தமாக வரும். ஆனால் செங்குத்தான சரிவில் கூகிள் படமே சில மீற்றர் தள்ளி உட்கார்ந்திருக்கும். நம் வேலைக்கு இரண்டில் எதுவும் பரவாயில்லை.

தயவுசெய்து இந்தக் கோட்டைக் காட்டிப் பக்கத்துக் காணிக்காரரோடு வேலிச் சண்டைக்குப் போகாதீர்கள். நில அளவையாளர் போட்ட பிளான்தான் எல்லைக்குச் செல்லுபடியாகும்.

எந்த நாள் படம்?

மலைநாட்டில் ஆட்கள் இதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். திறந்தால் வெள்ளைப் பஞ்சு, அடுத்ததைத் திறந்தாலும் வெள்ளைப் பஞ்சு. 'எங்க ஊருக்கு இது சரிவராது' என்று மூடிவிடுவார்கள்.

செய்மதி நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை மணியளவில். பின்னேரம் மூடுகிற முகில் அநேகமாக அந்த நேரத்தில் எழும்பியிருக்காது. அது நமக்குச் சாதகம். அதற்குமேல், மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. அந்த மாதங்களில் தெளிவான படத்துக்குத் தவம் கிடக்க வேண்டும். அவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் அறுவடை. ஊவாவில் எங்களுக்குத் தலைகீழ். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்றும் காய்ச்சலும் (மழையில்லாத வறட்சி), படமும் நன்றாக வரும். ஒக்டோபரில் இடி மழை தொடங்கினால் அநேகமாக ஜனவரி வரை மூட்டம்தான்.

பிரவுசரில் முகில் சதவீதத்துக்கு ஒரு தள்ளுகோல் இருக்கும். எல்லாரும் அதைப் பத்து சதவீதத்துக்கு இறக்கிவிடுவார்கள். நானும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் செய்து, படமே இல்லையென்று புலம்பினேன். அந்தச் சதவீதம் உங்கள் காணிக்கு உரியது இல்லை. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் அகல நீளமுள்ள ஒரு பெரிய கட்டம் முழுவதற்கும் உரியது. எங்கள் கட்டத்துக்குள் ஹட்டனும் நுவரெலியாவும் சேர்ந்து விழுகின்றன. ஜூலையில் ஹட்டன் பக்கம் மழையில் மூடிக்கிடந்தால் எண்பது சதவீதம் முகில் என்று வரும், பண்டாரவளையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தள்ளுகோலை நூறுக்கே ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தேதியாகத் திறந்து உங்கள் காணியை மட்டும் பாருங்கள். ஐந்து நாளைக்கு ஒன்று என்பதால் மாதத்துக்கு ஆறு படம்தான். பார்த்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகாது.

அடர்ந்த முகில் கண்ணுக்குத் தெரியும், அது ஏமாற்றாது. ஏமாற்றுவது மெல்லிய மூடுபனி. வெள்ளைத் துணியை நனைத்து மலைமேல் விரித்த மாதிரி இருக்கும், இயல்பு நிறப் படத்தில் சரியாகத் தெரியாது. ஆனால் பச்சைக் கணக்கை இறக்கிவிடும். தேயிலை வாடிவிட்டது என்று நினைத்துப் பதறுவோம்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி, ஒரு சாட்சி இடம். காணிக்குக் கிட்ட வருஷம் முழுவதும் அதிகம் மாறாத ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். எனக்குப் பைனஸ் காட்டின் நடுப்பகுதி. ஒவ்வொரு படத்திலும் முதலில் அதைப் பார்ப்பேன். பைனஸும் இறங்கி தேயிலையும் இறங்கியிருந்தால் அது பனி, அந்தப் படத்தைத் தள்ளிவிடுவேன். பைனஸ் அப்படியே நிற்க தேயிலை மட்டும் இறங்கியிருந்தால்தான் செருப்பைப் போடுவேன். இந்த ஒரு பழக்கத்தால் எனக்கு எத்தனை வெட்டி நடை மிச்சமாகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

நிழலையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் பத்தரை மணிச் சூரியன் தென்கிழக்கில் சாய்ந்து நிற்கும். வடமேற்கைப் பார்த்த சரிவுகள் கறுத்துக் கிடக்கும். ஜூலைப் படத்தையும் ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்து 'ஐயோ கறுத்துவிட்டதே' என்றால் அது சூரியன் செய்த வேலை. ஜூலையை முந்திய வருஷத்து ஜூலையோடு பாருங்கள். உங்கள் காணியை உங்கள் காணியோடு பாருங்கள். பக்கத்து மலை விதைத் தேயிலையாக இருக்கலாம், இடையிடையே செடி செத்து வெறுமையாக இருக்கலாம். அதன் நிறம் எப்போதும் வேறு.

பச்சையை வாசிப்பது

இடதுபக்கப் பட்டியலில் என்.டி.வி.ஐ. என்று ஒன்று இருக்கும். நல்ல இலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் வரும் எண்தான் அது. ஒன்றுக்குக் கிட்டப் போகப்போக அடர்ந்த பச்சை, பூச்சியத்துக்குக் கிட்ட வெறும் மண். படத்தில் எண் தெரியாது, நிறம்தான் தெரியும். நான் நிறத்துக்கு ஐந்து தரம் போட்டுக்கொண்டேன்: கரும்பச்சை ஐந்து, மஞ்சள் தட்டினால் இரண்டு, மண்ணிறம் ஒன்று. சரியான எண் வேண்டுமென்றால் படத்தை இறக்கி கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். அதை மகளிடம் விட்டுவிட்டேன்.

தேயிலைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய பொறிகள் சில இருக்கின்றன. கவ்வாத்து (செடியைக் குட்டையாகத் தறிப்பது) வெட்டிய மலை ஒரே நாளில் ஐந்திலிருந்து ஒன்றுக்கு விழும். ஒருமுறை பக்கத்துக் காணியில் இரண்டு ஏக்கர் அப்படி மண்ணிறமாகக் கிடந்ததைப் பார்த்து, ஏதோ நோய் இறங்கி வருகிறது என்று விடிகாலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "அண்ணே, போன கிழமை கவ்வாத்து வெட்டினேன்" என்றார். இருபத்தாறு வருஷம் கவ்வாத்துக்குப் பேர் போட்டவனுக்கு வந்த சோதனை. அதற்குப் பிறகுதான் கவ்வாத்து, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் தேதி எழுதத் தொடங்கினேன்.

சவுக்குக் கிளை தறித்தாலும் நிறம் மாறும். மேலே நிற்கும் மர இலையும் சேர்ந்துதானே புள்ளி? களைக்கும் பச்சைதான் நிறம். மானாப்புல் மண்டிய தேயிலை படத்தில் மிக அழகாக இருக்கும். எங்கள் ஊரில் ஆள் வைக்காமல் விட்ட ஒரு காணி எப்போதும் என்னுடையதைவிடக் கரும்பச்சை. அப்புறம், நன்றாக மூடிய தேயிலையில் இந்த எண் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. நல்லதுக்கும் மிக நல்லதுக்கும் வித்தியாசம் காட்டாது. பசளை போட்டதன் பலனை இதில் தேடி ஏமாற வேண்டாம். கொழுந்து நிறுக்கும் தராசு அதைச் சரியாகச் சொல்லும்.

காய்ச்சல் காலத்தில் ஈரப்பதச் சுட்டி என்ற இன்னொரு படத்தையும் பார்ப்பேன். அதன் புள்ளி இருபது மீற்றர், அதாவது பதினாறு பேர்ச். கொஞ்சம் முரடு. ஆனாலும் பச்சை இறங்குவதற்கு முன்னரே இலையில் நீர் குறைவதைப் பல தடவை காட்டியிருக்கிறது.

ஆறு புள்ளி மஞ்சள்

ஒரு ஓகஸ்ட்டில், காணியின் மேல்மூலையில் ஆறு புள்ளி சாய்வாக மஞ்சள் தட்டிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் நாலு, இங்கே இரண்டு. சாட்சி இடம் சரியாக இருந்தது. முந்திய ஓகஸ்ட்டைத் திறந்தேன், அந்த மூலை மற்ற இடம் போலவே இருந்தது. காய்ச்சல்தான், வேறென்ன என்று முதலில் நினைத்தேன். ஆனால் காய்ச்சல் என்றால் மண் மெலிந்த கீழ்ப்பக்கத்து முடுக்கு அல்லவா முதலில் காய வேண்டும்? அதுவும் இப்படிக் கோடு போட்ட மாதிரிக் காயாது.

மேலே ஏறினேன். செடி உயிரோடுதான் இருந்தது, இலை சிறுத்து மஞ்சளித்திருந்தது. குனிந்து பார்த்தால், செடியின் கழுத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு வேர் வெளியே தெரிகிறது. மண் போய்விட்டது. பத்தடி மேலே போய், மழைத் தண்ணீர் வடியும் கானைப் பார்த்தேன். கான் இருந்த இடமே தெரியவில்லை. பைனஸ் ஊசியிலை ஒரு முழத்துக்கு மெத்தை மாதிரி அடைந்து, அதற்குள் மண்ணும் நிரம்பி, கரையோடு கரை மட்டமாகிவிட்டது. ஐப்பசி மழைத் தண்ணீர் கானில் ஓட வழியில்லாமல் தேயிலைக்குள் இறங்கி மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அது நடந்தது பத்து மாதத்துக்கு முன்னால். மழைக் காலத்தில் செடி சமாளித்துக்கொண்டது. காய்ச்சல் வந்ததும் அந்தச் செடிகள்தான் முதலில் சோர்ந்தன.

இரண்டு ஆளை வைத்துக் கானை வெட்டினேன், வேர் தெரிந்த இடத்தில் மண் அணைத்து மானாப்புல் அறுத்துப் பரப்பினேன். அடுத்த ஓகஸ்ட்டில் ஆறு புள்ளியில் பாதி, நாலாம் தரத்துக்குத் திரும்பியது. மிச்சப் பாதி இன்னும் மூன்றாம் தரத்திலேயே நிற்கிறது. அந்த இடத்தில் செடி பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டிவரலாம்.

கானைப் படத்தில் பார்க்க முடியாது, ஒன்றரை அடி அகலம்தான். கான் உடைந்ததால் வாடிய அறுநூறு எழுநூறு செடியைப் பார்க்கலாம். படம் சொன்னது 'மேல்மூலைக்குப் போ' என்பது மட்டும்.

மரக்கறிப் பாத்தி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலன் குறைவு. கந்தப்பளை, இராகலைப் பக்கம் மாதிரி அரை ஏக்கருக்கு ஒரே கோவாவோ லீக்ஸோ போட்டால் ஏதாவது தெரியும். எனக்கோ அரை ஏக்கரில் கரட் ஒரு துண்டு, போஞ்சி ஒரு துண்டு, உருளைக்கிழங்கு ஒரு துண்டு. மொத்தமே இருபது புள்ளி, எல்லாம் கலந்து தவிட்டு நிறம். கிழங்குக்குக் கருகல் வந்தால் படத்தில் தெரியும் முன் பயிர் போய்விடும். ஒன்றுக்கு மட்டும் உதவும். செப்டெம்பர் கடைசியில் எந்தச் சரிவு வெறும் மண்ணாகக் கிடக்கிறது என்று ஊர் முழுவதையும் இயல்பு நிறத்தில் ஒரு பார்வை பாருங்கள். ஒக்டோபர் மழை முதலில் கழுவப்போவது அதைத்தான்.

பீலிக்கு மேலே இருக்கும் காடு

காட்டைப் பார்ப்பதற்கு அவசரம் வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு நல்ல படம் போதும். பிரவுசரில் ஒப்பிடும் வசதி இருக்கிறது. இரண்டு தேதிகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். காட்டின் ஓரம் உள்ளே தள்ளியிருக்கிறதா, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் துண்டில் ஓரம்தான் பிரச்சினை. ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. நடந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே நிற்பவனுக்கு எப்போதும் முன்னால் மரம்தான் தெரியும்.

அதற்கு முன்னால் எது காடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்.டி.வி.ஐ.யில் பைனஸ், விறகுக்கு நடும் டர்பன்டைன் மரம், பழைய காடு எல்லாம் ஏறத்தாழ ஒரே கரும்பச்சை. கூகிள் எர்த்தில் நெருங்கிப் பாருங்கள். பழைய காடு பூக்கோவாப் பாத்தி மாதிரி முண்டு முண்டாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும். பைனஸ் ஒரே உயரம், ஒரே நிறம், சீப்பால் வாரிய மாதிரி வரிசை. கணினியில் போடும் கூகிள் எர்த் புரோவில் மணிக்கூட்டுப் படத்தைத் தட்டினால் பழைய வருஷங்களுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கும் முந்தியதை அறிய அமெரிக்க லேண்ட்சாட் இருக்கிறது. 1972 முதல் பறக்கும் வரிசை. 1982க்குப் பிந்திய படங்களில் முப்பது மீற்றர் புள்ளி, அதாவது முப்பத்தைந்து பேர்ச்; அதற்கு முந்தியவை இன்னும் முரடு. நம் காணிக்கு உதவாது, மலைமுகடு முழுவதையும் பார்க்க உதவும்.

குளோபல் ஃபொரஸ்ட் வொட்ச் என்ற தளம் 2001 முதல் வருஷாவருஷம் மரம் போன இடங்களை இளஞ்சிவப்புப் புள்ளியாகக் காட்டும். பார்த்ததும் கோபம் வரும், கொஞ்சம் பொறுங்கள். ஐந்து மீற்றருக்கு மேல் வளர்ந்த எதையும் அது மரம் என்றே எடுக்கும். தோட்டத்தில் விறகுக்கு நட்ட டர்பன்டைனை வெட்டினாலும் இளஞ்சிவப்புத்தான், பழைய காட்டை அழித்தாலும் இளஞ்சிவப்புத்தான். எது என்று அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை எங்கள் துண்டின் ஓரம் போன படத்தை அச்சடித்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "இது கம்பியூட்டர் படம்தானே" என்று மேசையில் வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை போனபோது இரண்டு வருஷத்துப் படம், இரண்டிலும் தேதி, அதே இடத்தில் நின்று எடுத்த போன் படம், போனில் வந்த அகலக்கோடு நெடுங்கோட்டு எண், காட்டு எல்லையிலிருந்து எத்தனை மீற்றர் என்ற கணக்கு, எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுபோனேன். ஒரு கிழமையில் ஆள் வந்தது. நீங்களும் முதல் தடவையே இரண்டாவது தாளோடு போங்கள்.

நெருப்பு

ஊவாவில் ஜூலை, ஓகஸ்ட் என்றால் மானாவில் நெருப்பு. நாசாவின் ஃபேர்ம்ஸ் தளத்தில் நெருப்புப் புள்ளி சில மணி நேரத்தில் வந்துவிடும். உங்கள் பகுதியைக் குறித்து வைத்தால் மின்னஞ்சலும் அனுப்பும். ஆனால் அதை மணியடிக்கும் காவலாளி என்று நினைக்காதீர்கள். புள்ளியின் அகலமே 375 மீற்றர், பழைய கருவியில் ஒரு கிலோமீற்றர். சிவப்புப் புள்ளி உங்கள் கூரைமேல் இருந்தால் நெருப்பு எதிர்மலையில் இருக்கலாம். 375 மீற்றர்க் கருவி எங்களுக்கு மேலே வருவது பின்னேரமும் நள்ளிரவுக்குப் பின்னும் ஒன்றரை மணியளவில். மூன்று மணிக்குப் பிடித்து ஆறு மணிக்கு அணைந்த புல் நெருப்பு அதில் விழாமலே போகலாம். புகையை முதலில் பார்ப்பது எப்போதும் மாடு மேய்க்கிறவர்தான்.

எரிந்த பிறகு எவ்வளவு எரிந்தது என்று அளக்கச் சென்டினல்-2 நல்லது. குற்றலை அகச்சிவப்புப் படத்தில் கரி படிந்த இடம் கருஞ்சிவப்பாகவோ தவிட்டு நிறமாகவோ துலக்கமாகத் தெரியும். இரண்டு கிழமைக்குள் படத்தை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு மழை பெய்தால் மானா தளிர்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

மண்சரிவைப் பற்றி

இதைக் கேட்காத ஆள் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. கூகிள் எர்த்தில் பழைய வருஷங்களைத் தள்ளினால் முந்திய படத்தில் லயங்கள் தெரியும், பிந்திய படத்தில் செம்மண் வடு தெரியும். எனக்கு அதை இரண்டாம் தடவை பார்க்க மனம் வரவில்லை. மலை சரியுமா என்று இந்தப் படம் முன்கூட்டிச் சொல்லாது. கை அகல வெடிப்பு பத்து மீற்றர்ப் புள்ளியில் தெரியவே தெரியாது. புதிதாக ஊறும் தண்ணீர், சாய்ந்த மரம், சுவரில் விழுந்த கீறல் இதெல்லாம் காலால் நடந்து பார்க்க வேண்டியவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தால் படம் திறந்துகொண்டு உட்காராதீர்கள், இறங்குங்கள்.

முகிலை ஊடுருவும் ரேடார்ப் படமும் உண்டு, சென்டினல்-1. சமவெளியில் வயலுக்கும் வெள்ளத்துக்கும் அருமையானது. எங்கள் மாதிரிச் செங்குத்தில் மலை உச்சி அடிவாரத்தின் மேல் சாய்ந்து விழுந்து படம் குழம்பிவிடும். என்னைக் கேட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம்.

சீ.ஆர். கொப்பி

எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட நோட்டு. இடப்பக்கத்தில் படத்தின் தேதி, சாட்சி இடத்தின் தரம், காணியை ஐந்து துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் தரம். வலப்பக்கத்தில் அந்தக் கிழமை மழை, பறித்த கொழுந்து கிலோ, கவ்வாத்து, உரம், கிளை தறித்தது, நடந்து பார்த்தபோது கண்டது. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சாட்சி 5. முடுக்கு 3, மேல்மூலை 3, நடு 4, ரோட்டுப்பக்கம் 4, பீலியடி 5. மழை இல்லை, பன்னிரண்டு நாள். மேல்மூலை போனேன். கான் சரி. பன்றி கிண்டியிருக்கு.' இவ்வளவுதான். ஒரு வருஷம் முடிந்ததும் கொப்பியைப் புரட்டுங்கள். எந்த மாதத்தில் உங்கள் காணி எப்படி இருப்பது வழக்கம் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் படம் பேசத் தொடங்கும், முதல் வருஷம் வெறும் நிறம்தான்.

செய்மதி வரும் நாட்களைக் கலண்டரில் ஐந்து நாளைக்கு ஒன்றாக வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பத்தரை மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தெளிவாக இருந்தால் இரண்டொரு நாளில் படம் நன்றாக வரும் என்று தெரியும், மூடியிருந்தால் அந்தத் தேதியைத் திறக்கவே தேவையில்லை. வீட்டுக்காரி முதலில் "யாருக்கு டாட்டா காட்டப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன வட்டத்தன்று நான் பண்டாரவளைச் சந்தையில் நின்றபோது அவளிடமிருந்து போன் வந்தது. "இங்க நல்ல வெயில், எழுதி வைங்க" என்றாள். அடுத்த வட்டம் வியாழக்கிழமை.